பின் இடது கதவு

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் அந்தக் காருக்குள் நான் இருந்தேன். என் மனைவி சுந்தரியும் இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பிரமை எப்படி வரும்? நீங்களே சொல்லுங்கள்.

1993-ஆம் வருடம். சிட்லபாக்கத்தில் புது வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். எனக்கு அடையாறில் ஆபீஸ். வேளச்சேரி ரோடு வழியாக வந்து, ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் வலது பக்கம் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் ஏரி. ஏரியைத் தாண்டினால் எங்கள் தெரு.

ஆகஸ்ட் மாதம், சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியிருந்த ஜெயவேலு என்பவரிடம் ஒரு ஜப்பான் காரை வாங்கினேன். வெள்ளை நிறம். நம்மூர்க் கார்களில் அப்போது நான் பார்த்திராத ஒன்று அதில் இருந்தது. ஸ்பீடாமீட்டருக்குக் கீழே, மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு குட்டிக் கார் படம். எந்தக் கதவு சரியாகச் சாத்தவில்லையோ, படத்தில் அந்தக் கதவு சிவப்பாக எரியும். கூடவே ஒரு மணிச் சத்தம். டிங்... டிங்...

மூன்று மாதம் ஒரு தொந்தரவும் இல்லை.

நவம்பரில் ஒரு நாள். மாலை ஏழு மணி இருக்கும். தூறல். ஜங்ஷனில் திரும்பியதும் மணி அடித்தது. பார்த்தேன். பின்பக்கம் இடது கதவு சிவப்பாக எரிந்தது.

காலையிலிருந்து அந்தக் கதவை யாரும் தொடவே இல்லை.

ஓரமாக நிறுத்தி இறங்கினேன். கதவு சரியாகத்தான் சாத்தியிருந்தது. இருந்தாலும் ஒரு முறை திறந்து, அழுத்திச் சாத்தினேன். உள்ளே வந்து பார்த்தால் விளக்கு அணைந்திருந்தது.

ஏரிக்கரையில் பச்சை கேட் போட்ட ஒரு வீடு. அதன் எதிரே வரும்போது மறுபடியும் டிங்... அதே கதவு. மறுபடி இறங்கினேன். திறந்தேன், சாத்தினேன். அணைந்தது.

மறுநாளும் அப்படியே. ஜங்ஷனில் ஒரு தடவை. பச்சை கேட் முன்னால் ஒரு தடவை.

மெக்கானிக் லாசரஸிடம் விட்டேன். அவன் கதவைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஒயர்ல ஒண்ணும் இல்ல சார். சுவிட்ச்சு புச்சா மாத்திட்டேன். இனிமே எரிஞ்சா என்னாண்ட வந்து கேளு” என்றான்.

அன்று மாலையே எரிந்தது.

எனக்கு லாசரஸ் மேல் சந்தேகம் வந்தது. நான் திரும்பத் திரும்ப வரவேண்டும் என்று எதையோ அரைகுறையாக விட்டிருக்கிறான். பிறகு ஜெயவேலு மேல் சந்தேகம். நேரிலேயே போய்க் கேட்டேன்.

“எங்கிட்ட அப்டி ஒரு தபாகூட எரியல சார். சத்தியமா” என்றார் ஜெயவேலு.

நம்பவில்லை. நானே சோதித்துப் பார்த்தேன். காலையில் அதே வழியில் ஓட்டினேன். எரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட்டினேன். எரியவில்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது மட்டும்தான்.

ஒரு நாள் வேண்டுமென்றே நிறுத்தாமல் போனேன். மணி நிற்கவே இல்லை. என் கண் ரோட்டில் இல்லை, அந்தச் சிவப்புப் புள்ளியிலேயே இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது... ஒரு சைக்கிள்காரர் பம்பரை ஒட்டி நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் நிறுத்தினேன். இறங்கினேன். திறந்தேன். சாத்தினேன்.

இதை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது சுந்தரி கேட்டாள்.

“தினம் யாரை ஏத்திட்டு வர்றீங்க?”

“என்னது?”

“பக்கத்து வீட்டுக் கனகவல்லி சொன்னாங்க. ஜங்ஷன்ல காரை நிறுத்தி பின்கதவைத் திறந்துவிடறீங்களாம். ஏரிக்கரையில மறுபடி திறந்துவிடறீங்களாம். யாரு அது?”

விளக்கைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே பொய் மாதிரிதான் இருந்தது. சுந்தரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு நான் ஆபீஸுக்கு வரேன். உங்ககூடவே திரும்பி வரேன்” என்றாள்.

வந்தாள். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று நல்ல மழை. வைப்பர் சத்தம் மட்டும்.

ஜங்ஷனில் திரும்பினேன்.

டிங்... டிங்...

சுந்தரி சட்டென்று பின்னால் திரும்பினாள். காலி சீட். நான் மழையில் இறங்கி, கதவைத் திறந்து, சாத்திவிட்டு உள்ளே வந்தேன். விளக்கு அணைந்திருந்தது.

சுந்தரியின் முகம் வெளுத்திருந்தது.

“நீங்க கதவைத் திறந்தப்போ... கார் லேசா அமுங்கிச்சு.”

“என்ன?”

“யாராவது ஏறி உட்கார்ந்தா அமுங்குமே. அப்படி.”

இத்தனை நாளும் நான் வெளியே நின்றுதான் கதவைச் சாத்தியிருக்கிறேன். அது எனக்கு எப்படித் தெரியும்?

காரை நகர்த்தினேன். பின்னால் பார்க்கிற கண்ணாடியை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

ஏரிக்கரை. பச்சை கேட். பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தேன்.

மணி அடிக்கவில்லை.

அந்த வீட்டு வாசலில் தினமும் ஒரு டியூப்லைட் எரியும். அன்று இருட்டாக இருந்தது.

காத்திருந்தேன். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்...

கதவு விளக்கு எரியவில்லை.

“போங்க” என்றாள் சுந்தரி.

அப்போதுதான் புரிந்தது. ஏறியிருக்கிறது. ஆனால்...

இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். ஷெட்டில் காரை விட்டேன். எஞ்ஜினை அணைத்தேன். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

டிங்...

சாவி என் கையில் இருந்தது.

டிங்... டிங்...

பின் இடது கதவு. சிவப்பு.

சுந்தரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “திறக்காதீங்க.”

நான் அசையவில்லை. ஷெட் கூரையில் மழை. அந்த மணி நிற்கவில்லை. அவசரமும் படவில்லை. வாசலில் நின்று பொறுமையாகக் கதவு தட்டுகிற மாதிரி... டிங்... டிங்...

எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கடைசியில் சுந்தரி என் கையை விட்டாள். அவளே இறங்கினாள். சுற்றிப் போய், பின் இடது கதவைத் திறந்தாள்.

ஒதுங்கி நின்றாள்.

யாரோ இறங்க வழிவிடுகிற மாதிரி.

நான் சீட்டில்தான் இருந்தேன். எனக்குத் தெரிந்தது. காரின் பின்பக்கம்... இடது ஓரம்... மெல்ல மேலே எழும்பியது.

சுந்தரி கதவைச் சாத்தினாள்.

விளக்கு அணைந்தது.

அதோடு சரி. அந்த விளக்கு ஜங்ஷனில் அதன்பின் எரியவே இல்லை. பச்சை கேட் முன்னாலும் எரியவில்லை. சுந்தரி அதைப் பற்றிப் பேசவும் இல்லை. நானாகப் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுவாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். கரும்பை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்தேன். சுந்தரி பக்கத்தில் பையோடு நின்றாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து காரையே பார்த்தார். பிறகு பின் இடது கதவின் மேல் கையை வைத்தார்.

“சார்... இந்த வண்டி ஏரிக்கரை வழியாதானே டெய்லி வரும்?”

“ஆமா. நீங்க?”

“சவுரிமுத்து சார். பச்சை கேட் போட்ட வூடு. இப்ப காலி பண்ணிட்டு ஆவடி பக்கம் பூட்டோம்.” கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. “எம் பொண்ணு யூனிஸு. திருமுடிவாக்கத்துல வேலை. ராஜகீழ்ப்பாக்கத்துல பஸ்ஸ வுட்டு எறங்கி நடந்து வரும். போன மழைக்கு முந்தின மழையில... ஜங்ஷன்லயே ஒரு லாரி...”

கதவை ஒரு தடவை தடவிவிட்டுச் சொன்னார்.

“அவ போயி வருசம் திரும்பின அன்னிக்குத்தான் சார் மொதல் தபா உங்க வண்டி எங்க வூட்டாண்ட நின்னுச்சு. நீங்க எறங்கி கதவைத் தெறந்தீங்க, சாத்தினீங்க. யாரும் எறங்கல. ஆனா நீங்க போனப்புறம் எங்க கேட்டு கொக்கி டக்குனு வுழுந்துச்சு. அப்பால டெய்லி. எம் பொண்டாட்டிக்குத் தாங்கல. அதான் காலி பண்ணோம்.”

“எப்போ காலி பண்ணீங்க?”

சொன்னார். சுந்தரி என்னோடு காரில் வந்தாளே, அதே நாள். அன்று மத்தியானம்.

“போறப்போ கேட்டாண்ட நின்னு சொல்லிட்டு வந்தேன் சார். யம்மா, இனிமே இங்க யாரும் இருக்க மாட்டோம். உன்னைக் கூட்டியாந்து வுடறவரு நல்லவராத் தெரியுது. அவுங்க வூட்லயே இருந்துக்கோன்னு.”

என் கையிலிருந்த கரும்பு கீழே விழுந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுந்தரியைப் பார்த்தார்.

“நல்லா இருக்குதாம்மா எம் பொண்ணு?”

நான் அவரை ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சுந்தரி பதில் சொல்லிவிட்டாள். சாதாரணமாக, யோசிக்கக்கூட இல்லாமல்.

“நல்லா இருக்கா. மழை வந்தா மட்டும் கொஞ்சம் பயப்படறா.”