வெள்ளிக்கிழமை எண்ணெயும் மாமாவின் படகும்

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பாதிப் பேர் அம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அவரது மாவு மில்லில் மிளகாய் அரைத்துப்போனவர்கள். இரு சாராருக்கும் அவர் குணம் தெரியும். ஆனாலும் மாமாவின் படகு எஞ்சின் கதையைப் பலரும் அரைகுறையாகவே கேட்டிருக்கிறார்கள். மூத்த மகளான நான் அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா கோவளத்தை அடுத்த மீனவக் குப்பத்தில் பிறந்து, தாம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். மேற்குத் தாம்பரத்தில் அப்பாவுக்கு டீசல் எஞ்சினில் ஓடும் மாவு மில் இருந்தது. 1960களில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மில்லை விற்றுவிடச் சொல்லாதவர்கள் இல்லை. அம்மா மறுநாள் காலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தாமே எஞ்சினைக் கிளப்பினார். அப்பா கட்டிலில் இருந்தபடி குழறிக் குழறிச் சொன்னதைக் கேட்டே பெல்ட் மாற்றவும் எஞ்சினைச் சீர்செய்யவும் கற்றுக்கொண்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்மாவின் ஒரே தம்பியான எங்கள் மாமாவுக்குத் திருமணம் நடந்தது. மாமாவிடம் ஒரு விசைப்படகு இருந்தது. எஞ்சின் பழையதுதான், ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தை காலடி எடுத்து வைத்த சில வாரங்களில் அது நடுக்கடலில் சூடேறி நின்றது. பிறகு மறுபடியும் நின்றது. அலையில் தத்தளித்துக் கரை சேர்ந்தார்கள். குப்பத்துக்கு வேறென்ன வேண்டும்? வந்தவளின் ராசி சரியில்லை என்றார்கள். குடும்பத்துக்கு மூத்தவரான அம்மாவின் பெரியப்பா, அத்தையைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று முடிவே செய்துவிட்டார்.

செய்தி வந்ததும் அம்மா மில்லைப் பூட்டினார். நானும் அவரும் பஸ் பிடித்துப் போனோம். அத்தை ஒரு மூலையில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தார். அம்மா மூட்டையைப் பிரித்துப் புடவைகளைக் கொடியில் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தார்.

"போட்ல பொம்பள ஏறக்கூடாது, தெரியுமில்ல?" என்றார் பெரியப்பா.

"நா ஏறல பெரிப்பா. எஞ்சின நீங்க எறக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே மூங்கில் கட்டி இறக்கினார்கள். அம்மா மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் பம்ப்பைச் சுற்றும் பெல்ட் தேய்ந்து பளபளவென்றிருந்தது. பெல்ட் வழுக்கினால் பம்ப் சுற்றாது. பம்ப் சுற்றாவிட்டால் எஞ்சின் சூடேறாமல் என்ன செய்யும்? நூலால் அளவெடுத்துக்கொண்டு தாம்பரம் திரும்பி, மின்சார ரயிலேறிப் பாரிமுனைக்குப் போய்ப் புது பெல்ட் வாங்கி வந்தார். பெல்ட் ஓடும் இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தார். பெல்ட்டை மாட்டிக் கட்டைவிரலால் அழுத்தி, அதன் இறுக்கத்தைச் சரிசெய்தார். டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிக் கரியைத் துடைத்தார். வால்வு இடைவெளிக்குச் சவர பிளேடுதான் அவருக்கு அளவுகோல். டிரம் தண்ணீரில் குழாயை விட்டு ஓட்டியபோது கரும்புகை அடங்கி, சத்தம் சீரானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. எஞ்சின் மறுபடியும் நின்றது. செய்தி வந்து மீண்டும் குப்பத்துக்குப் போனோம்.

"புது பெல்ட்டு போட்டும் நின்னுச்சே, இப்ப இன்னா சொல்றே?" என்றார் பெரியப்பா. மாமா மனைவிக்காக நிற்காமல் வலையை உதறப் போய்விட்டார். எனக்கு அவர்மீது வந்த ஆத்திரம் இன்றும் முழுதாகத் தணியவில்லை. அம்மா மட்டும், "எஞ்சின எறக்குங்க" என்றார்.

இந்த முறை பெல்ட்டைத் தொட்டதும் அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. முகர்ந்து பார்த்தார். டீசல் வாடையோ கிரீஸ் வாடையோ இல்லை, நல்லெண்ணெய் வாடை. நேரே வீட்டுக்குப் போய் அத்தையிடம், "படகுக்கு நல்லெண்ண எதனா குடுத்தியா?" என்று கேட்டார்.

அத்தை எழுந்து நின்றார். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம படகுல வெளக்கு ஏத்தச் சொல்லி ஒரு பாட்டில் குடுப்பேங்க்கா. எங்க ஊட்ல அப்டித்தான்."

"பாட்டில் திரும்பி வருமா?"

"காலியாத்தான் வரும்."

ஓர் அகல் விளக்கு ஒரு பாட்டில் எண்ணெயைக் குடிக்குமா? மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "மீந்தத வேஸ்ட் பண்ணுவானேன்னு எஞ்சினுக்குத் தடவுவேங்க்கா. துரு புடிக்காது, பளபளன்னு கீது."

"பெல்ட்டுக்குமா?"

"சாமி எண்ணெயாச்சே. எல்லாத்துக்குந்தான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தை வந்த பிறகுதான் எஞ்சின் நின்றது என்று குப்பம் சொன்னது பொய்யில்லை. அவர் கொடுத்த எண்ணெய்தான் பெல்ட்டை வழுக்க வைத்திருக்கிறது. பெரியப்பாவுக்கு இது போதும். பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்த அவர், "நா சொன்னேனில்ல? எல்லாம் இவ கொண்டாந்ததுதான்" என்றார்.

அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி மாமாவிடம் சொன்னார்: "அவ குடுத்தது வெளக்குக்கு. பெல்ட்டுல தடவுனது நீ. யாரையாச்சும் ஊட்டவுட்டு அனுப்பணும்னா நீ கெளம்பு. தாம்பரத்துல மொளகா அரைக்க ஆள் வேணும்."

யாரோ சிரித்தார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அம்மா சக்கரங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, கையோடு கொண்டுவந்திருந்த இன்னொரு பெல்ட்டை மாட்டினார். அந்த எஞ்சின் பிறகு பல வருடம் ஓடியது. பெல்ட் மாற்றும் வேலையை அத்தைக்கும் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் எஞ்சினில் கோளாறு என்றால், அதைக் கரைக்கு இறக்கி அத்தையைத்தான் கூப்பிட்டார்கள்.

அப்பா போன பிறகும் அம்மா மில்லை விடவில்லை. எங்களைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார், கடைசிவரை யாரிடமும் கெஞ்சவில்லை. அம்மா நோயில் விழுந்த அன்றே குப்பத்திலிருந்து அத்தை ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார். குளிப்பாட்டினார், ஊட்டினார், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றினார். நினைவு தப்பித் தப்பி வந்த நாட்களிலும் அம்மா கண்ணைத் திறந்து, "எண்ணெய வெளக்குல மட்டும் ஊத்து" என்பார். இருவரும் சிரிப்பார்கள்.

அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், இரவு பகல் பாராமல் உதவிய தெருக்காரர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய குப்பத்து இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அத்தைக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களைவிட நீங்கள்தான் அதிகம் செய்தீர்கள் என்றேன். அத்தை கையை உருவிக்கொண்டார்.

"அன்னிக்கு என் மூட்டையப் பிரிச்சு கொடியில போட்டாங்களே, அவங்கள வுட்டுட்டு நா எங்கம்மா போவேன்?"