இரண்டு நாற்பதுக்கு ஆமா சொன்னவர்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் தொழில் அப்படி. கணினி எதைச் செய்தாலும் அதற்குக் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். பதினோரு வருஷமாக அப்படித் தேடித் தேடித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை. ஆனால் தேதி, மணி, விநாடி எல்லாம் பதிவாகி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இட்டுக்கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் நிறுவனம் தையற்கடைகளுக்கு மென்பொருள் செய்கிறது. அளவைக் கொடுத்தால் துணியை எப்படி வெட்டுவது என்று கோடு போட்டுக் காட்டும். ஒரு கடைக்காரர் ஒரு வகைக் கணினி வைத்திருப்பார், அடுத்தவர் வேறு வகை. மூன்று வகையிலும் அது ஓட வேண்டும். அதனால் தினமும் ராத்திரி மூன்று இயந்திரங்களைத் துடைத்து வெறுமையாக்கி, முப்பத்திரண்டு துணை மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுவி, அன்றைய பதிப்பை உருவாக்கி, எல்லாப் பொத்தான்களையும் அழுத்திச் சோதிக்க வேண்டும். காலை ஆறு மணிக்குள் முடிய வேண்டும்.

அதைச் செய்கிற ஒரே ஆள் நான்தான். மூன்றாவது மாடியின் கடைசி அறை. மூன்று மேசை, மூன்று இயந்திரம், ஒரு சக்கர நாற்காலி. நாற்காலியின் இடது கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவருடைய நாற்காலி அது. "அவர் வேலையை விட்டுட்டார்," என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் தெரியும். பேசத் துணை இல்லாததால் இயந்திரங்களுக்குப் பெரியவன், நடுவன், சின்னவன் என்று பெயர் வைத்து அவர்களிடம்தான் சண்டை போடுவேன். மூன்று விசைப்பலகைகளிலும் ஒரே ஓர் எழுத்து மட்டும் முழுசாகத் தேய்ந்திருந்தது. ஆங்கில 'ஒய்'. நிறுவும்போது "நிறுவலாமா?" என்று திரை கேட்கும். 'ஒய்' தட்டினால் ஆமா, 'என்' தட்டினால் இல்லை. எனக்கு முன்னால் இருந்த மனுஷன் வாழ்க்கை முழுக்க ஆமா சொல்லியே தேய்ந்திருக்கிறார் பாவம் என்று சிரித்துக்கொண்டேன்.

அம்மா அக்கா வீட்டில் இருந்தார். பஸ்ஸில் ஏழு மணி நேரத் தூரம். பக்கவாதம் வந்து படுத்த பிறகு மாதம் ஒரு முறைதான் போக முடிந்தது. அந்த மாதம் அக்காவின் குரலே மாறியிருந்தது.

"சின்னவளே, டாக்டர் நாள் கணக்குலதான் பேசுறாரு. அம்மா உன்னையேதான் கேக்குறாங்க. எப்படி வருவியோ, வந்துடு."

மேலாளரிடம் போய் நின்றேன். இந்த வேலையை எல்லாம் தானாக ஓடும்படி நான் எழுதித் தருகிறேன், எங்கிருந்து வேண்டுமானாலும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பத்து ராத்திரி, யார் கையும் படாம ஓடட்டும். நடுவுல ஒரு எழுத்தை மாத்தினாலும் எண்ணிக்கை முதல்லேருந்து. பத்தாச்சுன்னா நீ தாராளமா அங்கேயே இருந்துக்கோ."

மூன்று நாள் தூங்காமல் எழுதி முடித்தேன். பதினாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை அதிகாலை 2:00 மணிக்கு முதல் ஓட்டம். ஏதாவது நின்றுபோனால் ஓடி வர வசதியாக, இரண்டு தெரு தள்ளி என் அறையில் படுத்திருந்தேன். காலையில் மூன்றுக்கும் பச்சை விளக்கு. மறுநாளும் பச்சை. ஏழு நாள் வரிசையாகப் பச்சை. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொடுக்காத குறைதான்.

எட்டாவது ராத்திரி தூக்கம் வரவில்லை. மடிக்கணினியைத் திறந்து, ஓடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

2:40:07. திரையில் ஒரு வரி வந்து நின்றது.

"நிறுவலாமா?"

இப்படிக் கேட்கவே கூடாது. எல்லாக் கேள்விக்கும் ஆமா என்று வைத்துக்கொள் என்று கட்டளையோடு ஒரு சின்னச் சொல் சேர்க்க வேண்டும். ஓர் இடத்தில் நான் அதைச் சேர்க்க மறந்திருக்கிறேன். என் சொந்தக் கணினியில் அந்த மென்பொருள் ஏற்கெனவே இருந்ததால், சோதித்தபோது கேள்வியே வரவில்லை. "என் மெஷின்ல ஓடுதே" என்று சொல்பவர்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அதே முட்டாள்தனத்தை நானே செய்திருந்தேன்.

இனி அது நகராது. யாராவது தட்டும்வரை அப்படியே நிற்கும். நானே தட்டினால் கை பட்டதாகிவிடும். எட்டு நாள் பாழ். அம்மா...

2:40:19. 'ஒய்'.

நான் தட்டவில்லை. என் கை வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

2:40:31-க்கு நடுவனில் 'ஒய்'. 2:40:43-க்குச் சின்னவனில் 'ஒய்'.

பழைய பதிவுகளைத் திறந்தேன். பதினாலாம் தேதியிலிருந்து எல்லா ராத்திரியும் இதே கதை. கேள்வி 2:40:07. பதில் 19, 31, 43. வெளியிலிருந்து யாரும் உள்ளே நுழைந்த தடயம் இல்லை. பதில் வந்தது அந்த அறையில் இருந்த விசைப்பலகையிலிருந்து. அறை பூட்டியிருந்தது. சாவி என் தலையணைக்கு அடியில் இருந்தது.

ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் பன்னிரண்டு விநாடி எதற்கு என்று விடிய விடிய யோசித்தேன். விடியும்போதுதான் புரிந்தது. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு உட்கார்ந்தபடியே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக எனக்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும்.

விடுபட்ட அந்தச் சொல்லைச் சேர்த்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. காலையில் அக்கா கூப்பிட்டாள். "ராத்திரி மூச்சு ரொம்ப இழுத்துச்சுடி," என்றாள். நான் எதையும் மாற்றவில்லை. ஆனால் தட்டுவது யார் என்று பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒன்பதாவது ராத்திரி. 1:50. வாசலில் காவலாளி அண்ணன் ஏறிட்டுப் பார்த்தார்.

"தானா ஓடுதுன்னாங்களேம்மா?"

"சும்மா பாக்கலாம்னு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

விளக்குப் போடவில்லை. அறை மூலையில் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தேன். நாற்காலியைச் சின்னவன் மேசைக்கு அருகில், சுவரோரம் நானே தள்ளிவைத்தேன். கைபேசியை அணைத்தேன். அந்த அறையில் வேறு தொலைபேசி கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

2:00. மூன்று திரைகளும் விழித்தன. இயந்திரங்களுக்குள் காற்றாடிகள் உறுமின.

2:25. அறை குளிர்ந்திருந்தது. ஏசி ஓடவில்லை.

2:38. காற்றாடிகள் மூன்றும் ஒரே நேரத்தில் அடங்கின. இப்படி அடங்கி நான் பார்த்ததே இல்லை.

2:40.

டிரிங்... டிரிங்...

தொலைபேசி. அறைக்குள்ளே. எனக்கும் மேசைக்கும் நடுவில் எங்கேயோ.

டிரிங்...

நின்றது.

"ஆமா."

ஆண் குரல். சலித்த குரல். ஆனால் அன்பாக.

"ஆமா... ஆமாம்மா."

கிர்ர்ர்...

நாற்காலி நகர்ந்தது. சுவரோரம் இருந்த நாற்காலி. பெரியவன் மேசைக்கு.

டக்.

கிர்ர்ர்... நடுவன்.

டக்.

கிர்ர்ர்... என் பக்கம்.

சின்னவன்.

திரை வெளிச்சத்தில் அந்த விசை மட்டும் அமுங்கியது. மேலே விரல் இல்லை.

டக்.

பிறகு நாற்காலி... மெதுவாக... என்னைப் பார்த்துத் திரும்பியது.

எப்படிப் படியிறங்கினேன் என்று கேட்காதீர்கள். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. வாசலில் நான் ஒற்றைச் செருப்போடு நின்றதைப் பார்த்துக் காவலாளி அண்ணன் தண்ணீர் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பயத்தோடு பயமாக ஒரு கணக்கும் போட்டேன். இன்னும் ஒரே ராத்திரி. அந்தக் கை யாருடையதாக இருந்தால் என்ன? இன்னும் ஒரு தடவை ஆமா சொன்னால் எனக்கு அம்மா கிடைப்பார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று மாலை பஸ் ஏறும்போது, "இன்னிக்கு மட்டும் வந்துடுங்க அண்ணா," என்று முகம் தெரியாத அந்த ஆளிடம் வேண்டிக்கொண்டேன்.

பத்தாவது ராத்திரி. இருபத்துமூன்றாம் தேதி, வியாழக்கிழமை அதிகாலை. ஒன்றரை மணிக்கு அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். பாதியாகக் கரைந்துபோயிருந்தார். அக்காவைப் படுக்கச் சொல்லிவிட்டு, கட்டிலருகே மடிக்கணினியோடு உட்கார்ந்தேன்.

2:40:19. ஒய்.

2:40:31. ஒய்.

2:40:43. ஒய்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போது சின்னவனின் திரையில் இன்னொரு வரி வந்தது. நான் எழுதாத வரி. எந்த மென்பொருளும் கேட்காத கேள்வி. ஆங்கில எழுத்துகளில், தமிழில்.

"வீட்டுக்குப் போயாச்சா?"

பதிலுக்காகக் கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு விநாடி. இருபத்துநாலு. ஒரு நிமிஷம்.

யாரும் தட்டவில்லை.

கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் குழறியது. கண் மூடித்தான் இருந்தது.

"ஃபோன் அடிக்குது பாரு... யாரோ ரொம்ப நேரமா கூப்பிடுறாங்க. எடேன்."

வீட்டில் எந்த ஃபோனும் அடிக்கவில்லை.

அம்மாவைப் பார்த்தேன். கேட்ட கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் இருந்தது. 'ஒய்' தட்டினேன்.

அந்த வரி மறைந்தது. அம்மா, "யாரு, சின்னவளா?" என்று கண்ணைத் திறந்தார்.

காலையில் மூன்று பச்சை. பத்து ராத்திரி முடிந்தது. மேலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

பதினோராவது ராத்திரி 2:40:07-க்குக் கேள்வி வந்தது. பதில் வரவில்லை. மூன்று மணி, நான்கு மணி, ஐந்து மணி. நானே இங்கிருந்து தட்டினேன். அதன்பின் அவர் வரவே இல்லை. விடுபட்ட சொல்லைச் சேர்த்துவிட்டேன்.

அம்மா பதினாறு நாள் இருந்தார். அந்தப் பதினாறு நாளும் நான் பக்கத்தில் இருந்தேன்.

எல்லாம் முடிந்து, நான் தங்கியிருந்த அறையைக் காலி செய்ய, அலுவலகம் இருக்கும் ஊருக்குத் திரும்பினேன். அலுவலக வாசலில் காவலாளி அண்ணன் என் ஒற்றைச் செருப்பை எடுத்துவைத்திருந்தார். சிரிக்கத் தோன்றவில்லை. நேராகக் கேட்டேன்.

"எனக்கு முன்னாடி இருந்தவர் எங்கண்ணா போனார்?"

அவர் மாடியைப் பார்த்தார்.

"அவர் வேலையை விடலம்மா. போன வருஷம் அந்த நாற்காலியிலேயே மாரடைப்பு. அவங்கம்மா தினமும் ராத்திரி மாத்திரை போட எழுந்திரிப்பாங்க. ரெண்டு நாப்பதுக்கு ஃபோன் வரும். 'வீட்டுக்குப் போயாச்சா'ன்னு கேப்பாங்க. இவர் இங்கேயே உக்காந்துகிட்டு 'ஆமாம்மா'ன்னு பொய் சொல்லுவார். கவலைப்படக் கூடாதுன்னு."

அவர் செருப்பை என் காலடியில் வைத்தார்.

"அன்னைக்கு ஃபோன் அடிச்சுகிட்டே இருந்துச்சு. கீழ வரைக்கும் கேட்டுச்சு. அசந்து தூங்குறாருன்னு நினைச்சுட்டேன்மா. காலையிலதான் மேல போனேன். திரையில ஏதோ கேட்டு அப்படியே நின்னுருந்துச்சு."

"அவங்கம்மா?"

"அவங்களுக்கு நினைவு தப்பிருச்சு. மகன் போனதை யாரும் சொல்லல. அணைஞ்ச நம்பருக்குத் தினமும் ரெண்டு நாப்பதுக்கு அடிப்பாங்களாம். போன மாசம் அவங்களும் தவறிட்டாங்க. நானும் போயிருந்தேன்."

"என்னைக்குண்ணா?"

"பதிமூணாம் தேதி சாயங்காலம்."

பதிமூன்று மாலை. அடுத்த அதிகாலை, பதினாலாம் தேதி, என் முதல் ராத்திரி.

அந்த அம்மா கேட்டது மகனை. பதில் சொன்னது நான். அந்த மகன் இப்போது வீட்டில்தான் இருக்கிறாரா, இல்லை அவர் சொல்லிவந்த பொய்யை நானும் ஒரு தடவை சொல்லிவிட்டேனா, எனக்குத் தெரியவில்லை.

இப்போது எல்லாம் தானாக ஓடுகிறது. எதுவும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஆனாலும் 2:40-க்கு எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. கைபேசியை எடுத்துப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்துவிட்டாயா என்று என்னைக் கேட்க இப்போது யாரும் இல்லை.