கொட்டகைத் தரையில் படுத்துப் பார்த்த ரோசம்மா

பூதிகோட்டை பஸ் ராபர்ட்சன்பேட்டையில் வந்து நின்றதும், கண்டக்டர் படியிலிருந்தே கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். காய்கறிப் பையோடு போனேன். "அண்ணே, ஆட்டுக்கார ரோசம்மா போயிட்டாங்க. காலையில பாலைக் கறந்து வெச்சிட்டு உக்காந்தவங்க எழுந்திருக்கல. அவங்க வூட்டுக்காரரு உங்களை இட்டாரச் சொன்னாரு" என்றார். பையை யாரிடம் கொடுத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டல் லைனில் இருந்தவர்களுக்கு ரோசம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என்னோடு சுரங்கத்தில் டிம்பர் வேலை பார்த்த ஆரோக்கியத்தின் மனைவி அவர். டிம்பர் வேலை என்றால், கீழே வெட்டிய இடத்தில் தலைக்கு மேலே பாறை விழாதபடி மரம் கொடுத்து நிறுத்துவது. கணவன் ஷிஃப்ட் முடிந்து உயிரோடு திரும்ப வேண்டும் என்று லைனில் எல்லாப் பெண்களும் மாதாவிடம் வேண்டிக்கொள்வார்கள். ரோசம்மாவும் வேண்டிக்கொள்வார். அதோடு நிற்க மாட்டார், என்னைப் பிடித்துக்கொள்வார். "அண்ணே, பாறை விழறதுக்கு முன்னால சத்தம் குடுக்குமாமே, இன்னா மாதிரி சத்தம்? போட்டுக் காட்டுங்க." வாசலில் நின்றுகொண்டு பாறை மாதிரி முனக முயன்று, தெருப் பிள்ளைகளெல்லாம் சிரிக்கும்படி ஆனது என் கதை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் ஆரோக்கியத்துக்கு இருமல் கண்டது. நெஞ்சில் தூசு தங்கிவிட்டது, இனிமேல் கீழே இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வேலை போனால் லைன் வீடும் போகும். வேலையை விட்டபோது வந்த பணத்தில் பூதிகோட்டைக்குப் போகும் வழியில் கொஞ்சம் மேட்டு நிலம் வாங்கினார்கள். பெரிய மந்தை ஒன்றும் கிடையாது. சில வெள்ளாடுகள், ஒரு எருமை, கோழிகள், அவ்வளவுதான். இருவருக்கும் ஆடு என்றால் கிறிஸ்துமஸுக்கு வாங்கும் கறி என்கிற அளவுக்குத்தான் அதுவரை பழக்கம். சுற்றியிருந்த குடியானவர்கள் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள். ரோசம்மா அந்த ஊரில் முதலில் கற்றுக்கொண்டது உப்பு, புளிக்கான சொற்களை அல்ல. நம் 'இன்னாத்துக்கு'வுக்குப் பக்கத்தில் ஏன் என்று கேட்கும் 'எந்துக்கு', 'யாக்கே' என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டார். அவற்றை வைத்துக்கொண்டு ஊரையே ஒரு சுற்று வந்துவிட்டார்.

ஒருநாள் போனபோது, ஆரோக்கியத்தின் இருமலுக்குக் கஷாயம் வைக்கப் பறித்த ஆடாதொடை இலையை ஒவ்வோர் ஆட்டின் முன்னாலும் நீட்டிக்கொண்டிருந்தார். இன்னாம்மா இது என்றேன். "ஆடு தொடாதுன்னு பேரு வெச்சவன் எந்த ஆட்டைக் கேட்டு வெச்சான்? அதான் நானே கேக்கறேன்." ஆடுகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒன்றே ஒன்று மட்டும் கடித்து, மென்று, துப்பியது. ரோசம்மா அதன் தாடையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பரீட்சையில் தேறிய பிள்ளையைக் கொஞ்சுவதுபோலக் கொஞ்சினார். ஆரோக்கியம் கஷாயத்துக்குக் காத்துக்கொண்டிருந்தான். "பொழப்பப் பாருமே" என்று அலுத்துக்கொண்டான்.

அவன் பிழைப்பைத்தான் பார்த்தான். தன் கையாலேயே ஒரு ஆட்டுக் கொட்டகை கட்டினான். அப்படி ஒரு கொட்டகையை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை. மேட்டை இடுப்பளவுக்கு வெட்டி உள்ளே இறக்கி, நாங்கள் கீழே கொடுப்பதுபோலவே மரம் கொடுத்து, குறுக்குச் சட்டம் போட்டு, ஆப்பு அடித்து, மேலே தாழ்வாகக் கூரை. குனிந்துதான் நுழைய வேண்டும். "மலையே வந்து மேல உக்காந்தாலும் அசையாது" என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் கூரையைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு மெச்சிக்கொண்டோம். டிம்பர்காரனுக்குக் கட்டடம் என்றாலே கூரைதான்.

மழை பிடித்ததும் ஆடுகள் இருமத் தொடங்கின. கண்ணில் நீர், மூக்கில் சளி. குட்டிகள்தான் முதலில் செத்தன. பங்காரப்பேட்டையிலிருந்து கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார், ஈரம் அண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சரியாகவே சொன்னார். ஆரோக்கியம் அதை மழைக்காற்றைப் புகவிடாதே என்று எடுத்துக்கொண்டு, இருந்த இடுக்கையும் களிமண் வைத்துப் பூசி அடைத்தான். வாடைக்காற்று பட்டால் அவனுக்கே மூச்சு இழுக்கும். தனக்கு ஆகாதது தன் ஆட்டுக்கும் ஆகாது என்று நினைத்தான். ஊசி போட்ட கொஞ்ச நாள் இருமல் அடங்கும், பிறகு திரும்பி வரும். வீட்டுக்குள் அவன் இருமுவான், கொட்டகைக்குள் ஆடுகள் இருமும்.

எஞ்சிய குட்டிகளும் சாய ஆரம்பித்தபோது, ஆரோக்கியம் யாருக்கும் சொல்லாமல் ராபர்ட்சன்பேட்டைக்கு வந்தான். மரம் கொடுக்கத் தெரிந்த ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு மேஸ்திரியிடம், திங்கட்கிழமையிலிருந்து கீழே இறங்குகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். சுரங்கத்தில் பேச்சு பரவி எனக்குச் செய்தி வந்தது. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு கேஜில், அதுதான் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில், ஏறினால் எத்தனை நாள் தாங்குவான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தடுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு அப்படியே பஸ் ஏறினேன்.

நான் போனபோது ஆரோக்கியம் வாசலில் பழைய சுரங்க பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். "வேணான்டா" என்றேன். "பின்ன இன்னாத்தத் துன்றது? ஆடு கைவிட்டுடுச்சி" என்றான். அந்த நேரம் பார்த்துக் கொட்டகைக்குள்ளிருந்து ரோசம்மாவின் குரல் வந்தது. "அண்ணே வந்துட்டாரா? சீக்கிரம் இங்க வரச் சொல்லுங்க!"

குனிந்து உள்ளே போனால், அந்த அம்மாள் ஆட்டுப் புழுக்கைக்கும் மூத்திர ஈரத்துக்கும் நடுவே, கன்னம் தரையில் படும்படி ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. பதறிப்போனேன், தூக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. அதோ பாருங்க, தொரசாணிய."

துரைசாணி என்பது அவர்களுடைய கிழட்டு ஆடு. யாரையும் சட்டை செய்யாமல் நடப்பதால் அந்தப் பெயர். மூலையில் மிச்சம் கிடந்த மரத்துண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதன் உச்சியில் ஏறிப் படுத்து, நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

"எல்லாம் இருமுது, அவ மட்டும் இருமல. இன்னாத்துக்குன்னு யோசன பண்ணிக்கினே இருந்தேன். அவ படுக்கறது மேல. குட்டிங்க மூக்கு கீறது இங்க. நீங்க ரெண்டு பேரும் நின்னுக்கினு மோந்து பாக்கறீங்க. படுங்கண்ணே."

"நானா? பூசைச் சட்டைம்மா."

"நான் தொவச்சிக் குடுக்கறேன், படுங்க. அவரு படுத்தா நெஞ்சு தாங்காது."

படுத்தேன். நான்கு மூச்சு இழுத்திருக்க மாட்டேன், மூக்குக்குள் மிளகாயைத் தூவியதுபோல் எரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. தட்டுத்தடுமாறி எழுந்து நின்றால் நெடி இருந்தது, ஆனால் தாங்கக்கூடிய நெடிதான். ஊறிப்போன மூத்திரத்தின் ஆவி போக வழியில்லாமல் அந்தக் குழிக்குள் தேங்கிக் கிடந்திருக்கிறது. பூசிய இடுக்கு ஒவ்வொன்றும் அதற்குக் காவல்.

வாசலில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஆரோக்கியம், தான் பூசிய களிமண்ணை விரலால் பெயர்த்தான். பிறகு, "நான் மேலயே பாத்துக்கினு இருந்துட்டேன் ரோசு" என்றான். அவன் பிழை அது ஒன்றுதான். எங்களுக்கு ஆபத்து எப்போதும் தலைக்கு மேலிருந்துதான் வரும். காலடியைப் பார்க்க யாரும் எங்களைப் பழக்கவில்லை.

ரோசம்மா அவனைக் குற்றம் சொல்லவில்லை. சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டார்: "கூரைய நிறுத்தத் தெரிஞ்ச ஆளுக்குத் தரையத் தூக்கி நிறுத்தத் தெரியாதா?"

அன்று மத்தியானமே அவன் தன் அருமைக் கூரையைத் தானே பிரித்தான். ஒவ்வொரு ஆப்பையும் அடித்துக் கழற்றும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதே மரங்களை மேட்டின்மேல் ஊன்றி, முழங்கால் உயரத்துக்குப் பரண் கட்டி, பக்கங்களைத் திறந்துவிட்டு மேலே மட்டும் கூரை போட்டோம். புழுக்கை கீழே விழ வேண்டும், குளம்பு சிக்கக் கூடாது, அப்படி இடைவெளி விட்டுக் கழிகளைப் பரப்பினோம். குட்டிகள் முதலில் ஏற மறுத்தன. துரைசாணி முன்னால் போனதும் பின்னாலேயே ஏறிவிட்டன.

மறுநாள் மேஸ்திரியிடம் போய், அவன் வரமாட்டான் என்று நான் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆள் வாய்க்கு வந்தபடி திட்டினார். காது குளிரக் கேட்டுக்கொண்டேன். மழை விடுவதற்குள் ஆடுகளின் இருமல் நின்றது. செத்தது செத்ததுதான், மிஞ்சியதிலிருந்து பட்டி பெருகியது. சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் பரணைப் பார்க்க வந்தபோது, ரோசம்மா விட்டாரா? உங்கள் ஆடு எப்படிப் படுக்கும், எருமை ஏன் அந்தப் பக்கமாகவே சாயும் என்று அவர்களிடம் விசாரித்துக் குடைந்துவிட்டார். வந்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள்.

அவரை அடக்கம் செய்த அன்று, முதல் பிடி மண்ணைப் போட்டது ஆரோக்கியம். அவனைச் சுற்றிலும், எங்களோடு கேஜில் ஏறி இறங்கியவர்களின் கல்லறைகள். நெஞ்சில் தூசு தங்கிய பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தவர்கள் பலர். அவர்களில் ஒருவரும் மயிர் நரைக்கும்வரை இருக்கவில்லை. ஆரோக்கியத்துக்கு நரைத்துவிட்டது. மண்ணைப் போட்டுவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதான். அழுகைக்கு நடுவே இருமினான், இருமலுக்கு நடுவே மூச்சு வாங்கினான்.

இதை அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் வெயிலில் சாய்ந்துகொண்டு, ஒரு குட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறான். நெஞ்சு ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிகிறது. ரோசம்மா எனக்கு விட்டுப்போனது இவன்தான்.