கை காட்டியது நான்

பன்னிரண்டு வருடம் துபாயில் டாக்சி ஓட்டிய பிறகு, ஓட்டாமல் உட்கார்ந்திருக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. தானாக ஓடும் டாக்சியைச் சோதனைக்கு விட்டிருந்தார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் நான் இருக்க வேண்டும். கை மடியில், கால் பிரேக்குக்குப் பக்கத்தில். ஆபத்து என்றால் மட்டும் மிதிக்கலாம். மிதித்தால் ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியே நிற்கிறவர்களுக்குச் சைகை செய்யவே கூடாது என்று பயிற்சியில் இரண்டு முறை சொன்னார்கள். இதற்கெல்லாமா ஒரு விதி என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் மாதம் முழுக்க அந்த வண்டியை மட்டம் தட்டுவதே எனக்குப் பொழுதுபோக்கு. ரவுண்டானாவில் அது இடைவெளிக்காகக் காத்து நிற்கும். நானாக இருந்தால் மூக்கை நுழைத்து மூன்று வண்டிகளைத் தாண்டியிருப்பேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். டெலிவரி பைக் ஒன்று உரசுவதுபோல் குறுக்கே பாய்ந்தபோது, நான் வாயைத் திறந்து திட்டுவதற்குள் அது வேகத்தைக் குறைத்திருந்தது. அதற்குக் கோபமும் வரவில்லை. எனக்கு வந்தது.

அன்று சத்வா பகுதியில், தையல் கடைகள் இருக்கும் குறுகலான தெருவில் போய்க்கொண்டிருந்தோம். மதியத் தொழுகை முடிந்து கூட்டம் கலைகிற நேரம். இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே ஒருவர் தோளில் துணிச் சுருளுடன் ரோட்டைக் கடக்க நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வண்டி அவருக்காக நின்றது. அவர் இறங்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் பக்கத்துத் தெருக்களில் அதுதான் வழக்கம். வண்டி நின்றால் மட்டும் போதாது, டிரைவர் கை காட்ட வேண்டும். அதுவரை யாரும் காலை எடுத்து வைக்க மாட்டார்கள்.

வண்டி காத்தது. அவரும் காத்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். தொட்டில் பழக்கம் என்பார்கள், எனக்கு இது ஸ்டீயரிங் பழக்கம். மடியிலிருந்து கை தானாக எழுந்தது. போங்க என்று காட்டினேன்.

அவர் இறங்கினார். இவர் வரப்போவதில்லை என்று முடிவு செய்த வண்டியும் அதே நொடியில் நகர்ந்தது.

பிரேக்கை மிதித்தேன். துணிச் சுருள் பானட்டில் விழுந்தது. அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி அவர் நின்றார். கண்ணாடியை இறக்கி, "அய்யய்யோ, அடி பட்டுருச்சா?" என்று கத்தினேன். தமிழைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது.

"இல்லண்ணே, ஒண்ணுமில்ல. மன்னிச்சுக்கங்க. நீங்க கை காட்டுனீக, அதான் எறங்கிட்டேன்."

என்னைவிட மூத்தவர், என்னை அண்ணே என்றார். மன்னிப்பும் அவரே கேட்டார். சுருளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆபீசில் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். என் கால் பிரேக்கில் படுவதற்கு முன்பே வண்டி தானாக நிற்கத் தொடங்கியிருந்தது. அவரைக் காப்பாற்றியதில் எனக்குப் பங்கே இல்லை. வண்டிக்கு முன்னால் இறக்கிவிட்டதில்தான் பங்கு. கேமராக்கள் எல்லாம் வெளியே பார்த்தவை. என் கை எதிலும் பதிவாகவில்லை.

படிவத்தில் காரணம் எழுதும் இடத்துக்கு வந்தேன். சைகை செய்தேன் என்று எழுதினால் அந்த வேலை அன்றோடு கலாஸ். ஊரில் மகளுக்கு அப்போதுதான் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. 'நடந்து வந்தவர் திடீரென்று குறுக்கே இறங்கிவிட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போதே வெட்கமாக இருந்தது, ஆனாலும் எழுதினேன்.

மேற்பார்வையாளரும் நம் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இந்த ஆளுங்களே இப்படித்தான். பாக்காமலே ரோட்ல எறங்கிருவாங்க," என்றார்.

அந்த மனிதர் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு.

"ஆமா சார்," என்றேன்.