வடைவரை நடந்தவர்

பேர்லினில் கோப்பை கழுவத் தொடங்கிய நான், ஐந்தாம் வகுப்புப் படிப்போடு அதே நகரின் நொய்கெல்ன் பகுதியில் சொந்தச் சாப்பாட்டுக் கடை போட்டேன். கோயில் மடப்பள்ளிக்கு அடுப்பும் வைத்தேன். யூரோ வந்த புதிதில் ஒரு பஸ் சாரதியை நடக்கவும் வைத்தேன்.

சனிதோறும் நடக்காவிட்டால் சர்க்கரைக்கு ஊசிதான் என்று டொக்டர் அவரைப் பயமுறுத்தியிருந்தார். பெரிய வயிறு, புத்தம்புதுச் சப்பாத்து. என்னோடு பூங்காவைச் சுற்றுகையில் கண்ட மர வாங்கிலெல்லாம் உட்கார்ந்து, "அண்ணை, இனி ஏலாது. பஸ்ஸிலை போவம்" என்பார்.

"முழுச்சுற்றும் வாரும். கடையிலை சுடச்சுட உழுந்துவடை இருக்கு" என்றேன். எழுந்தார். பிறகு பனியிலும் ஒரு சனி தவறவில்லை.

ஊசி வேண்டாம் என்று டொக்டர் சொன்னதும், கோயிலில் எல்லோரிடமும், "எல்லாம் என்ரை மனவுறுதி!" என்றார்.

அந்த மனிதர் எனக்கு இன்றும் புதிர்தான். அந்த மனவுறுதிக்கு வாராவாரம் உழுந்து ஊறப்போட்டது யார்? அதையும் அவர் சொல்லத்தான் வேண்டும்.