வயிற்றின் மேல் ஒரு டம்ளர்

அப்போது கார் வாங்க அரசாங்கம் ஒதுக்கித் தர வேண்டும்; அந்த ஒதுக்கீட்டில் மருத்துவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்பது விதி. தாலுகா ஆபீசில் அந்த விண்ணப்பங்களை மேலே அனுப்பியவன் நான். விதி நல்ல விதிதான்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பிரசவ டாக்டர் இருந்தார். குள்ளமான ஆள், வெயிலில் கறுத்த வழுக்கை. புதிய சின்னக் கார் எது கண்ணில் பட்டாலும், சொந்தக்காரரிடம் கேட்டுப் பின் சீட்டில் படுத்துவிடுவார். வயிற்றின் மேல் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்துக்கொண்டு, ஓட்டச் சொல்வார்.

ஒருமுறை நானும் முன் சீட்டில் இருந்தேன். ஓட்டிய பட்டுக்கடைக்காரர், "இன்னா டாக்டரே, தூங்கிக்கினு வரீங்களா?" என்றார்.

"காரு பாக்க பொம்மையாட்டம் இருக்குது. புள்ளத்தாச்சி காலை மடக்கித்தான் படுக்கணும். ஆனா தாமல் ரோட்டுப் பள்ளத்துலயே தண்ணி சிந்தலைபா! மாட்டு வண்டியில வந்தா வழியிலயே உசுரு போயிடுது."

விண்ணப்பத்திலும் அவர் 'பிரசவத்துக்குப் பெண்களை ஏற்றிவர' என்றே எழுதினார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். நோயாளியை ஏற்றினால் அது ஆம்புலன்ஸ், வேறு இலாகா.

"சொந்த உபயோகம்னு எழுதுங்க, டாக்டர்" என்றேன்.

"எனக்கு சைக்கிள் இருக்குதே. பொய் எழுத மாட்டேன்பா."

பங்குனி உத்திரத்தன்று, தாமலிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்த ஒரு பெண் ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன் இறந்தாள், வயிற்றுப் பிள்ளையோடு.

மறுநாள் டாக்டர் என் மேசை முன் நின்றார். "இன்னா எழுதணும், சொல்லு." சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன்பின் அவர் எந்தக் காரிலும் படுத்து நான் பார்க்கவில்லை.

ஒதுக்கீட்டு ஆணை வந்தது, அடுத்த ஆண்டு பங்குனி உத்திரத்தன்று.