எதிர்வீட்டு அருவி

என் ஓரகத்தி எதிர்வீட்டில் இருக்கிறாள். அதுவே எனக்குப் பெரிய தண்டனை. எங்கள் பங்குக் கோயில் நடத்தும் கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் வருசா வருசம் அவளுக்குத்தான் முதல் பரிசு. முந்தின வருசம் குடிலுக்குள் மோட்டார் வைத்து அருவியே விட்டாள். விருதுநகரில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவதே என்றைக்கோ ஒருநாள். அவள் குடிலின் மாட்டுக்கொட்டகையில் மட்டும் அருவியாம்! வயிறு எரிந்தது எனக்கு. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு விடக்கூடாது என்று இறங்கினேன். என் வீட்டுக்காரருக்குச் சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் வேலை. டிசம்பர் சீசனில் அவர் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். தனியாளாக மோட்டார் வாங்கி, களிமண்ணில் மலை கட்டி, சீரியல் பல்பு மாட்டினேன். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். அருவி சொட்டுச் சொட்டாக ஒழுகியது. இருபத்துநாலாம் தேதி ராத்திரிப் பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் தெரியாது. மோட்டாரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, பரிசு கொடுக்கிறவர்கள் வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். அவள் எங்களைப் போல வேதக்காரி இல்லை. எம். புதுப்பட்டி வெடிக் கம்பெனிக்கு வேனில் போகிறவள். "வெடிமருந்தோட கெடக்குற பொழப்புக்கா, எந்தச் சாமியையும் விட முடியாது" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து கும்பிட்டுவிட்டுப் போவாள்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் குடில் முன்னால் உட்கார்ந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏக்கா, புள்ளைய எங்கன வச்சீக? வெறும் வைக்கோலுல்ல கெடக்கு?"

அப்போதுதான் நானே எட்டிப் பார்த்தேன். பூசை முடிந்து வந்து பாலன் சொரூபத்தை வைக்கோல் போட்ட தொட்டியில் வைப்பதுதான் வழக்கம். அதுவரை தொட்டி காலியாக இருக்கும். நானோ வந்ததும் வராததுமாக மோட்டாரில் கைவைத்துவிட்டேன். பாலன் பீரோ மேல் அட்டைப்பெட்டிக்குள், பழைய காலண்டர் தாளில் சுற்றியபடியே கிடந்தார்.

எடுத்து வந்தேன்.

"நான் வைக்கட்டாக்கா?"

கழுவியும் நகக்கண்ணை விட்டு வெடிமருந்து வெள்ளிப்பொடி போகாத கையால் வாங்கி, வைக்கோலை ஒதுக்கிப் படுக்க வைத்தாள். கண்ணை மூடினாள். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவள் அசையவில்லை. மறுபடியும் அடித்தது.

பரிசு ஓரகத்திக்கே போனது. அதற்கும் எரியத்தான் செய்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரிமேல் வந்த பொறாமைதான் இன்னும் ஆறவில்லை. நல்ல மோட்டார் கடையில் கிடைக்கும். என் வீட்டுக் குடில் முன்னால் அவள் அப்படி உட்கார்ந்திருந்தாளே, நான் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை.